காலி என்று காட்டிய கோடு

வேலிக் கம்பத்தின் மேல் பெயின்ட் டப்பா ஓட்டை விழாமல் முழுசாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் வெர்லின் குடித்துக்கொண்டிருந்த காப்பியைக் கீழே வைத்தார். நேற்றுச் சாயங்காலம் அந்த டப்பாவைச் சுட்டுப் பார்க்கத்தான் துப்பாக்கியில் மருந்தையும் குண்டையும் போட்டுக் கெட்டித்தார். அந்த நேரம் பார்த்து மச்சினன் ஆர்லிஸ், லாரி சேற்றில் மாட்டிக்கொண்டது என்று வந்து நின்றான். லாரியை இழுத்துவிட்டு வந்தவர் சாப்பிட்டுப் படுத்துவிட்டார். துப்பாக்கியை மறந்தே போனார். அதைத்தான் விடிந்ததும் விடியாததுமாக அவர் மனைவி ஓர்ஃபா தோளில் மாட்டிக்கொண்டு காட்டுக்குப் போயிருக்கிறாள்.

அது ஓர்ஃபாவின் அப்பா விட்டுப்போன ஒற்றைக்குழல் தோட்டாத் துப்பாக்கி. அக்டோபரில் இரண்டு நாள், குழல் வாய்வழியாக மருந்து கெட்டிக்கிற துப்பாக்கிக்கு மட்டுமே மான் வேட்டைக்கு அனுமதி. அப்பாவின் துப்பாக்கியில்தான் அடிப்பேன் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றதால், தோட்டா போடும் பின்பக்கத்தை இரும்பு அடைப்பு வைத்து மூடிக் கொடுத்தார் வெர்லின். தோட்டாத் துப்பாக்கியின் குழல் தகடு மெல்லியது. ஒரு மருந்து தாங்கும். இரண்டைக் கெட்டித்தால் சுடுகிறவர் கன்னத்துப் பக்கம்தான் பிளக்கும்.

"அவ என்ன பச்சப்புள்ளயா?" என்றான் விஷயத்தைக் கேட்ட ஆர்லிஸ், அடுப்பிலிருந்த ரொட்டியைத் தானே எடுத்துக்கொண்டு. "கெட்டிக்கிற கம்பியில நீதான கோடு கிழிச்சு வெச்சிருக்க மச்சான்? கம்பிய உள்ள விட்டு கோட்டப் பாக்காம எங்க அக்கா மருந்து போடவே மாட்டா. ஒக்காரு."

வெர்லின் உட்கார்ந்தார். சரிதான். ஞாபகத்தை நம்பாதே, கோட்டை நம்பு என்று அவர்தான் அவளிடம் நூறு தடவை சொல்லியிருக்கிறார். கம்பி அடிவரை இறங்கிக் கோடு குழல் வாயோடு நின்றால் காலி. அதற்கு மேலே நின்றால் உள்ளே மருந்து இருக்கிறது.

உட்கார்ந்தவர் அப்படியே எழுந்தார்.

"என்ன மச்சான்?"

"முந்தாநேத்து அடைப்ப மாத்துனேன்டா. மொதல்ல வெச்சது மூணு விரல் நீளம், நெருப்பு போய்ச் சேர லேட்டாச்சுன்னு ஒரு விரல் நீளத்துல வேற ஒண்ணு கடைஞ்சு போட்டேன். குழல் ரெண்டு விரல் ஆழமாயிடுச்சு. கோடு பழைய கோடு."

"அதனால?"

"ஒரு மருந்தும் குண்டும் ரெண்டு விரல்தான்டா. உள்ள மருந்து கெடந்தாலும் அந்தக் கோடு காலின்னு சொல்லும்!"

ஆர்லிஸின் கையில் ரொட்டி அப்படியே நின்றது. வெர்லின் அதற்குள் படியிறங்கி ஓடிக்கொண்டிருந்தார். ஐம்பத்தெட்டு வயதில் மேட்டில் ஓடுவது என்ன விளையாட்டா? மூச்சு வாங்கியது, வேர் தடுக்கி இரண்டு முறை விழுந்தார். பாதி மேட்டில் ஒரு வெடிச்சத்தம் கேட்டது. அப்படியே நின்றார். எதிர்மலையில் யாரோ ஆரவாரம் செய்தார்கள். இது வேறு யாரோ. கடவுளே, இது வேறு யாரோ. மறுபடியும் ஓடினார்.

ஓக் மரத்தடியில் அவளுடைய ஆரஞ்சுச் சட்டை தெரிந்தது. துப்பாக்கி தோளில், கன்னம் அதன் கட்டையில். சரிவில் ஒரு கொம்பு மான். கத்தினால் திடுக்கிட்டு விசையை இழுத்துவிடுவாளோ? கத்தாவிட்டால் எப்படியும் இழுப்பாளே! அவர் வாயைத் திறந்தார்.

டப்.

மருந்துக்குப் பொறி கொடுக்கும் கேப்பு மட்டும்தான் வெடித்தது. மான் துள்ளி மறைந்தது. ராத்திரிப் பனியில் மருந்து நமத்துப் போயிருக்க வேண்டும். தன் கைவேலை பொய்த்ததற்காக வெர்லின் வாழ்க்கையில் முதல்முறையாகச் சந்தோஷப்பட்டார். அந்தச் சந்தோஷம் ஒரு நொடிகூட நிற்கவில்லை. ஓர்ஃபா துப்பாக்கியை இறக்கவில்லை.

"ஏழு, எட்டு, ஒம்பது..."

வெடிக்காவிட்டால் அசையாதே, உள்ளே நெருப்பு கனன்றுகொண்டிருக்கும், குறி மாறாமல் அறுபது எண்ணு. அதைச் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான்.

"ஓர்ஃபா, எங்கிட்ட குடு. நான் புடிக்கிறேன்."

"கை மாத்தக் கூடாதுன்னு சொன்னது யாருய்யா? பதினாலு. பின்னாடி போய் நில்லு. பதினஞ்சு."

உண்மையைச் சொன்னால் அவள் கை நடுங்கும். பிடுங்கினால் குழல் ஆடும். இரண்டும் வேண்டாம். வெர்லின் பின்னால் போகவில்லை. மெல்ல அவள் பக்கத்தில் போய், அவள் கன்னத்துக்கும் இரும்புக்கும் நடுவே தன் உள்ளங்கையை விரித்து வைத்தார். அவள் மூச்சு அந்தக் கையின் மேல் சூடாகப் பட்டது.

"லூசாய்யா நீ? இருபத்தி ரெண்டு."

"எண்ணு. நிறுத்தாத."

நாற்பதில் கண்ணை மூடிக்கொண்டார். கை மட்டும் வைத்த இடத்தில் இருந்தது. ஐம்பதுக்கு மேல் அவள் வேண்டுமென்றே மெதுவாக எண்ணுவது போல இருந்தது.

"அறுபது."

துப்பாக்கியைச் சரிவைப் பார்த்து ஒரு கட்டையின் மேல் சாய்த்து வைத்தாள் ஓர்ஃபா. பிறகு அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். முட்டியில் ரத்தம், சட்டையெல்லாம் சேறு.

"இப்ப சொல்லு. கைய எதுக்கு அங்க வெச்ச?"

"உள்ள ரெண்டு மருந்து இருக்கு."

அவள் சிரிக்கப் போனாள். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. அவருடைய கையை எடுத்து இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"கோட்டப் பாத்துட்டுத்தான்யா போட்டேன்," என்றாள். "சத்தியமா பாத்தேன்."

"தெரியும்," என்றார் வெர்லின்.