அவன் அங்கேதான் இருக்கிறான்

ஹெல்மர் ஊர் லூத்தரன் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் ஓட்டுப்பதிவு காலையிலிருந்து அமைதியாகத்தான் நடந்துகொண்டிருந்தது. மதியத்துக்கு மேல் டெரில் க்ரூஸ் படியிறங்கி வந்தான். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவனைத் தெரியாதவர்கள் எங்கள் ஊரில் இல்லை. ஏழு வருஷத்துக்கு முன்னால் குடித்துவிட்டு வண்டியோட்டி, சாலையோரம் டயர் மாற்றிக்கொண்டிருந்த நோலன் ட்வெட்டை அடித்துக் கொன்றவன். ஆகஸ்டில்தான் சிறையிலிருந்து வந்தான். மினசோட்டாவில் சிறைவாசலைத் தாண்டினாலே ஓட்டுரிமை திரும்ப வந்துவிடும். பெயர் பதியாதவர்கள் தேர்தல் அன்றைக்கே பதிந்து, அப்போதே ஓட்டும் போடலாம். குடியிருப்புக்கு மட்டும் ஆதாரம் வேண்டும்.

அதுதான் அவனிடம் இல்லை. மாட்டுப்பண்ணை கஸ்ட் தன் நிலத்து ஓரத்தில் ஒரு பழைய டிரெய்லர் வீட்டை அவனுக்கு விட்டிருந்தார். வாடகை ஒப்பந்தம் கிடையாது, கரண்ட் பில்லும் கஸ்ட் பேரில்தான்.

"பரவாயில்லப்பா" என்றாள் தேர்தல் அலுவலர் வெர்னா. "இந்த வட்டாரத்துல ஓட்டு இருக்கிற ஒருத்தர், நீ இங்கதான் குடியிருக்கேன்னு சத்தியம் பண்ணி கையெழுத்துப் போட்டா போதும்."

"கஸ்ட் வர்றேன்னார். வந்துடுவார்."

சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். மாலை ஷிஃப்டுக்கு அவனை ஏற்றிப்போகும் வான்கோழி இறைச்சி ஆலை வேன் பெட்ரோல் பங்குக்கு வந்துவிடும். அதைத் தவறவிட்டால் வேலை போகும். வேலை போனால் நன்னடத்தை அதிகாரிக்குப் பதில் சொல்ல வேண்டும். ஆனாலும் அவனுக்கு இந்த ஓட்டைப் போட்டாக வேண்டும். பள்ளிக்கூடச் செலவுக்காக இன்றைக்கு ஓட்டுக்கு விட்டிருக்கும் கூடுதல் வரி தோற்றால் ஹெல்மர் பள்ளியை மூடிவிடுவார்கள். அவன் மகள் டெஸ் அங்கேதான் நாலாவது படிக்கிறாள். அவளைப் பார்க்கக்கூட அவனுக்கு இன்னும் அனுமதி கிடைக்கவில்லை. அவளுக்காக அவனால் செய்ய முடிந்தது இந்த ஒன்றுதான்.

போன் அடித்தது. கஸ்டின் குரல் வரிசை வரைக்கும் கேட்டது.

"டேய், என்னால வர முடியாதுடா! பசு வயித்துல கன்னு குறுக்க மாட்டிக்கிச்சு, தோள்வரைக்கும் கையை உள்ள விட்டுட்டு நிக்கிறேன். வேற யாரையாவது கேளு!"

டெரில் வெர்னாவைப் பார்த்தான். "நான் யாரையும் கேக்கக்கூடாது. நீ கேக்கலாம்" என்றாள் அவள் மெதுவாக.

எழுந்தான். வரிசையில் முதலில் தெரிந்தது, பனி தள்ளும் வண்டி ஓட்டுகிற ஓரின்.

"ஓரின், நான் எங்க இருக்கேன்னு உங்களுக்குத் தெரியும்…"

"எனக்கென்ன தெரியும்?" ஓரின் ஊருக்கே கேட்கிற மாதிரி சிரித்தான். "ராத்திரி நீ படுக்கிற இடத்துக்கு வந்து நானா போர்வை போத்திவிட்டேன்? பொய்ச் சத்தியம் பண்ணா ஜெயிலுப்பா. உனக்கு அந்த இடம் பழக்கம், எனக்கில்ல."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். டெரில் அடுத்த ஆளைக் கேட்கத் திரும்பினான். ஓரினுக்குப் பின்னால் நின்றிருந்தது மார்லிஸ் ட்வெட். நோலனின் அக்கா.

அவன் கேட்கவில்லை. சிரிப்பு அடங்கியது. தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் நடந்தான்.

மார்லிஸின் வீடு அந்த டிரெய்லருக்கு நேர் எதிரே, சாலைக்கு இந்தப்பக்கம். அவன் குடிவந்த நாளிலிருந்து அவள் சமையலறை ஜன்னல் வழியாக அவனைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். எப்போதாவது குடித்துவிட்டுத் தள்ளாடி வருவான், அன்றைக்கே போலீஸுக்குச் சொல்லலாம் என்று காத்திருந்தாள். அவன் தள்ளாடவே இல்லை. அதுவும் அவளுக்கு ஆத்திரமாகத்தான் இருந்தது.

"ஓரின்" என்றாள். "போன வாரம் அவன் வாசலை மறிச்சுப் பனியைக் குவிச்சேன்னு காபிக்கடையில சொல்லிச் சொல்லிச் சிரிச்சியே, அது யார் வாசல்?"

ஓரினின் கழுத்து சிவந்தது. "உனக்காகத்தான் மார்லிஸ் அதைச் செஞ்சேன்."

"நான் கேட்டேனா?"

அவள் வரிசையை விட்டு விலகி மேஜைக்கு வந்தாள். "வெர்னா, எங்க கையெழுத்துப் போடணும்?"

வெர்னா படிவத்தை எடுத்து மேஜையில் வைத்தாள். பிறகு, "கையைத் தூக்குங்க மார்லிஸ்" என்றாள். சத்திய வாசகத்தை அவள் வாசிக்க, மார்லிஸ் திருப்பிச் சொன்னாள். 'இவர் இந்த முகவரியில் வசிப்பது எனக்கு நேரடியாகத் தெரியும்' என்ற இடத்தில் நிறுத்தி, படிவத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு முழுசாகச் சொல்லி முடித்துக் கையெழுத்துப் போட்டாள்.

டெரில் படிக்கட்டடியிலேயே நின்றிருந்தான்.

"வாப்பா. வேன் போயிடும்" என்றாள் வெர்னா.

அவன் வந்து மார்லிஸைப் பார்க்காமல் பதிவுப் படிவத்தில் கையெழுத்திட்டான். "அம்மா, நான்…"

"ஒண்ணும் பேசாத" என்றாள் மார்லிஸ். "மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காத. மன்னிக்கல. நீ எங்க இருக்கேன்னு கேட்டாங்க, சொன்னேன். அவ்வளவுதான்."

அவன் ஓட்டுச்சீட்டோடு தடுப்புக்குப் பின்னால் போனான். மார்லிஸ் விறுவிறுவென்று படியேறி, பனியில் நடந்து, காரில் போய் உட்கார்ந்தாள். சாவியைப் போட்டாள், ஆனால் வண்டியைக் கிளப்பவில்லை. கொஞ்ச நேரத்தில் டெரில் வெளியே வந்து பெட்ரோல் பங்கை நோக்கி ஓடுவது தெரிந்தது. வேன் நகரத் தொடங்கியிருந்தது. அவன் அதன் பக்கவாட்டில் தட்டி நிறுத்தி ஏறிக்கொண்டான். வேன் திருப்பத்தில் மறையும்வரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் தான் இன்னும் ஓட்டே போடவில்லை என்பது நினைவுக்கு வந்தது. மறுபடி படியிறங்கி, வரிசையின் கடைசியில் நின்றாள். அவள் பள்ளிக்கூட வரிக்கு எதிரி. 'வேண்டாம்' என்றுதான் போட்டாள்.

அவள் வீடு போய்ச் சேர்வதற்குள் சேதி நோலனின் மனைவி ஜொலீனுக்கு எட்டிவிட்டது. அவளே போன் செய்தாள்.

"நிஜமா மார்லிஸ்? அவனுக்கா?"

"ஆமா."

"எப்படி மனசு வந்துச்சு உங்களுக்கு?"

"அவன் அங்கதானே இருக்கான் ஜொலீன். தினம் பாக்கிறேன். கூடியிருந்த இடத்துல ஒருத்தன் தெரியாதுன்னு பொய் சொல்றான், எல்லாரும் சிரிக்கிறாங்க. நம்ம நோலனைச் சாக்கா வெச்சு. அது எனக்குப் பொறுக்கல."

ஜொலீன் போனை வைத்துவிட்டாள்.

வரி நல்ல வித்தியாசத்திலேயே ஜெயித்தது. பள்ளியை மூடவில்லை. நவம்பர் கடைசியில் வரும் நன்றியறிதல் நாள் விருந்துக்கு ஜொலீன் மார்லிஸைக் கூப்பிடவில்லை. கிறிஸ்துமஸுக்குக் கூப்பிட்டாள். மார்லிஸ் லெஃப்ஸா என்கிற உருளைக்கிழங்கு ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு போனாள். இருவரும் அருகருகே நின்று பாத்திரம் கழுவினார்கள். அந்தத் தேர்தல் நாளைப் பற்றி அன்றைக்கும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை.