வள்ளப் பாய் போர்த்த கார்

1

இந்தக் கதை என்னுடையது அல்ல. வேலணையில் ஒரு பஸ் பழுதாகி நின்றதால் எனக்குக் கிடைத்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு, "வீட்டுக்குள்ளே இருக்கிற இவவுக்குக் காரைப்பற்றி என்ன தெரியும்?" என்று நீங்கள் யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

பஸ் நின்ற இடத்துக்கு எதிரே ஒரு கடை. கடை வாசலில் ஒரு வெள்ளைக் கார். அதன் சாரதி தோளில் கிடந்த துவாயை எடுத்து, மேலே படிந்திருந்த புழுதியைக் காய்ந்தபடியே துடைத்தான். என் பக்கத்துச் சீற்றில் இருந்த கறுப்புச் சேலைக்காரி "ஐயோ!" என்றாள், கொதிதண்ணீர் பட்டவள் மாதிரி. நான் திடுக்கிட்டுத் திரும்பினேன்.

"தண்ணி ஊத்தாமல் துடைக்கிறானக்கா. மண் முழுக்கப் பெயின்றை அராவப் போகுது."

அவளுடைய பெயர் அந்தோனியம்மா. ஊர்காவற்றுறை. பஸ்ஸைத் திருத்தி முடிக்கும்வரை அவள் கதைத்தாள், நான் கேட்டேன். நான் கதை எழுதுகிறவள் என்று தெரிந்ததும் ஒரு காரியம் கேட்டாள்: ஆசுப்பத்திரிக்குப் போன தன் மனிசன் பத்திநாதரை என் கதையில் வீட்டுக்குக் கொண்டுவந்து விட வேண்டும். வந்து அவர் தன்னுடைய காரைப் பார்க்க வேண்டும்.

அவ்வளவுதான், வாசிக்கிற பிள்ளைகள். ஒரு மனிதரை வீட்டுக்குக் கூட்டிவருவது. படலையைத் திறந்தால் வந்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் இன்னும் வந்து சேரவில்லை.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

நீலக் கடல் சூழ்ந்த ஊர்காவற்றுறையின் கரையிலே, தென்றல் தாலாட்டும் ஓர் ஆடி மாத மாலையில்

வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் பரிமளத்துக்கு வாசித்துக் காட்டினேன். என் கதைகளை முதலில் கேட்பவளும் அவள்தான், முதலில் குழப்புபவளும் அவள்தான்.

"அக்கா, ஆடியிலை சோளகக் காத்து ஆளைத் தூக்கி அடிக்கும். உங்கடை தென்றல் எங்காலை வந்தது?"

அதை வெட்டினேன். இரண்டாவது தொடக்கம்:

பத்திநாதர் கெட்டவர் அல்லர். ஆனால்

"'ஆனால்' போட்டியளெண்டால் அந்த மனிசன் துலைஞ்சான். இனி நீங்கள் என்ன நல்லது சொன்னாலும் நான் நம்ப மாட்டன்," என்றாள்.

அதுவும் சரிதான். ஆகவே மூன்றாவது தொடக்கம். இது நிற்கட்டும்:

கார் கறுப்பு.

3

கார் கறுப்பு. இங்கிலாந்தில் செய்த ஒஸ்ரின். பத்திநாதர் அதை வாடகைக்கு ஓட்டினார். கலியாணம், ஞானஸ்நானம், பிள்ளைப்பேற்று அவசரம், நயினாதீவுக்குப் போகிறவர்களைத் துறைவரைக்கும் கொண்டுபோய் விடுவது, எல்லாவற்றுக்கும் அந்தக் கார்தான். கலியாணக் காலையில் கோவில் வாசலில் இறங்கும் பெண்பிள்ளைகள் அதன் முன்மூடியான பொனற்றில் குனிந்து முகம் பார்த்துத் தலையில் போட்ட முக்காட்டு நெற்றைச் சரிசெய்துகொண்டு உள்ளே போவார்கள். அப்படி மினுங்கும்.

அந்த மினுக்கம் சும்மா வந்ததல்ல. (இந்த இடத்தில் கதை நிற்கிறது என்று பரிமளம் சொல்கிறாள். நிற்கட்டும். அந்தோனியம்மா இதைச் சொன்னபோதுதான் அவளுடைய முகம் கொஞ்சம் வெளித்தது.)

ஓட்டம் முடிந்து வந்ததும் காரைப் பூவரச நிழலில் விடுவார். உடனே தண்ணீர் ஊற்றமாட்டார். தகரம் ஆற வேண்டும். சூட்டோடு தண்ணீர் காய்ந்தால் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழும். இடுப்புப் பட்டியைக் கழற்றுவார், அதன் இரும்புக் கொளுவி கதவில் உரசும் என்று. கலியாண மோதிரத்தைக் கழற்றுவார். பிறகு, கையே படாமல், காரின் கூரையிலிருந்து கீழாகத் தண்ணீர் வார்ப்பார். கடற்கரை ரோட்டின் மணல் முழுக்கத் தண்ணீரோடு தானாக வழிந்து போகும்வரை வார்த்துக்கொண்டே இருப்பார்.

"மண்ணை நாங்கள் தள்ளக் கூடாது. தள்ளினால் கீறிக்கொண்டு போகும். அது தன்ரை பாட்டிலை இறங்கிப் போகட்டும்." பார்த்துக்கொண்டு நிற்கும் ஆம்பிளைகளுக்கு அவர் சொல்வது இது.

அதற்குப் பிறகுதான் துணி. அந்தோனியம்மாவின் பழைய வொயில் சேலையைத் தையல் ஓரம் வெட்டி எடுத்த துண்டு. சவர்க்காரத் தண்ணீர் ஒரு வாளியில், துணியை அலசுவதற்கு வெறுந்தண்ணீர் இன்னொரு வாளியில். மேலிருந்து கீழாகத் துடைப்பார். துணி கைதவறி நிலத்தில் விழுந்தால் அதோடு சரி, அன்றைக்கு அது திரும்பக் காரைத் தொடாது. சில்லுக்குத் தனி வாளி, தனித் துணி. பிரேக்கிலிருந்து கொட்டும் இரும்புத் தூள் சில்லில் ஒட்டியிருக்கும். அந்தத் துணி மாறிக் கதவில் பட்டால் கதவு போச்சு. வீட்டுக் கிணறு உவர் என்பதால் கடைசி வார்ப்புக்கு மட்டும் கோவில் கிணற்றிலிருந்து நல்ல தண்ணீர் வரும். ஈரத்தைத் தேய்த்துத் துடைக்கமாட்டார். துணியை விரித்துப் போட்டு, காய்ச்சல்காரப் பிள்ளைக்கு நெற்றியில் துணி போடுவதுபோல ஒற்றி எடுப்பார்.

இவ்வளவும் அந்தோனியம்மா குசினி வாசலில் நின்று பார்த்துக் கற்றது. அவளுக்கு இதில் ஒரேயொரு வேலை. அவர் கழற்றித் தரும் மோதிரத்தைக் கழுவி முடியும்வரை கைக்குள் பொத்திவைத்திருப்பது.

4

இந்த மனிதரைப்பற்றி எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. சொல்கிறேன்.

கலியாணம் முடித்த புதிதில் ஒருநாள் அவள் தானும் ஒரு துணியை எடுத்துக்கொண்டு போனாளாம். அவர் அவளுடைய உள்ளங்கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தாராம்.

"இஞ்சரப்பா, உம்மடை கொப்பரின்ரை வலை இழுத்த கை இது. செதில் இருக்கும். கீறிப்போடும். நீர் தொடாதையும்."

பகிடிதான். அவளும் சிரித்தாளாம். ஆனால் அதற்குப் பிறகு அவள் அந்தக் காரின் வெளிப்பக்கத்தை ஒருநாளும் தொட்டதில்லை. ஏறும்போதுகூட அவர்தான் கதவைத் திறந்துவிட வேண்டும். ஊரார் அதைப் பார்த்து, பத்திநாதர் பெண்சாதியைத் துரைசாணி மாதிரி வைத்திருக்கிறார் என்றார்கள்.

நான் இதை எழுதும்போது இரண்டு பத்திநாதர் வருகிறார்கள். ஒருவர் பெண்சாதியைவிடக் காரை நேசித்தவர். மற்றவர், பகிடி விட்டதை மறந்துபோனவர். "வாரும், நீரும் ஒரு பக்கம் துடையும்" என்று சொல்லலாம் என்பதே தோன்றாதவர். முதலாமவரை எழுதினால் உங்களுக்குக் கோபம் வரும், கதை லேசாகப் போகும். எனக்கென்னவோ இரண்டாமவரைத்தான் தெரியும். பிள்ளைகள், உங்களுக்கும் தெரியும். எல்லா வீட்டிலும் ஒருவர் இருக்கிறார்.

5

ஆனி முடிகிற நேரம் பத்திநாதருக்கு வயிற்றில் வருத்தம். யாழ்ப்பாணத்துப் பெரியாசுப்பத்திரியில் வெட்ட வேண்டும் என்றார்கள். படலையடியில் நின்று மோதிரத்தைக் கழற்றி அவளிடம் கொடுத்தார்.

"கார் கழுவப் போறவர் மாதிரியே தந்தவரக்கா," என்றாள்.

"காரைத் தொடாதையும், என்ன?" என்றும் சொன்னாராம்.

இனித்தான் பாய் வருகிறது.

சோளகம் எழும்பினால் எங்கள் தீவுகளில் மணல் பறக்கும். கடல் உப்பும் அதோடு சேர்ந்து வரும். கரையில் ஏற்றிய வள்ளத்தைக் கடற்றொழில் செய்கிறவர்கள் பழைய பாய்மரச் சீலையால் மூடி, கயிறு போட்டு இறுக்கிக் கட்டிவிடுவார்கள். அந்தோனியம்மா சிறுபிள்ளையிலிருந்து பார்த்தது அது. காரைத் தொடவும் கூடாது, காக்கவும் வேண்டும். அப்படியென்றால் மூடுவதுதானே? செத்துப்போன தகப்பன் குருசுமுத்தரின் பாய் மால் கொட்டிலுக்குள் சுருட்டிக் கிடந்தது. அதை இழுத்து வந்து, காரில் விரல் படாமல் எறிந்து போர்த்தாள். கயிற்றைக் காருக்கு அடியால் எடுத்து, வள்ளத்துக்குப் போடுகிற அதே முடிச்சைப் போட்டாள்.

(நீங்கள் சத்தம் போடுவது எனக்குக் கேட்கிறது. பரிமளமும் போட்டாள்: "ஐயோ அக்கா, அந்தப் பாயின்ரை இழையெல்லாம் மண்ணெல்லோ!" ஓம். எத்தனையோ வருஷத்து மணலும் உப்பும். வள்ளத்துப் பலகைக்கு அது ஒன்றும் செய்யாது. பத்திநாதர் ஏன் ஒருநாளும் காரை மூடிவைக்கவில்லை என்று இப்போது விளங்குகிறதுதானே. கழுவுவதைப் பார்த்துக்கொண்டு நின்ற ஆம்பிளைகள் மூடுவதைப்பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஆகவே அவரும் சொல்லவில்லை. ஆகவே குசினி வாசலில் நின்றவளுக்கும் அது போய்ச் சேரவில்லை.)

பகலிரவாகக் காற்று. பாய் எழும்பி எழும்பி விழுந்தது. அந்தச் சத்தம் கேட்கக் கேட்க, கார் பத்திரமாக இருக்கிறது என்று அவளுக்கு மனது ஆறியது. கயிறு தளர்ந்த நேரமெல்லாம் போய் இன்னும் இறுக்கிவிட்டு வந்தாள்.

ஆசுப்பத்திரியில் அவர் முதலில் கேட்டதே அதைத்தான்.

"கார்?"

"தொடேல்லை."

"கெட்டிக்காரி."

பாய் போட்டதை அவள் சொல்லவில்லை. வந்து பார்த்து அதிசயப்படட்டும் என்று வைத்திருந்தாள்.

6

பத்திநாதர் உயிரோடு வரவில்லை.

இதை ஐந்தாம் பகுதியிலேயே சொல்லியிருக்கலாம். எழுத வரவில்லை.

பிரேதத்துக்கு முன்னால் அவருடைய கார் போக வேண்டும் என்று ஊர் சொன்னது. அவருடைய தமையன் முடிச்சை அவிழ்த்துப் பாயை இழுத்தார். நல்ல வெயில். பொனற்றில் ஒருவர் முகமும் தெரியவில்லை. கறுப்பெல்லாம் சாம்பல் பூசினதுபோல மங்கிப்போய், கிட்டப் போய்ப் பார்த்தால் மயிரிழை மயிரிழையாகக் கீறல். கயிறு கிடந்த இடங்களில் தகரமே தெரிந்தது. வெளிநாட்டுச் சாமான் வராத காலம். அப்படி ஒரு பெயின்ற் எடுக்க ஏலாது.

"எல்லாரும், பரவாயில்லைப் பிள்ளை, பரவாயில்லைப் பிள்ளை எண்டினம். ஒருத்தரும் ஏசேல்லையக்கா. செத்த வீட்டிலை ஆர் ஏசுவினம்? ஏசுறவர் பெட்டிக்குள்ளை கிடக்கிறார்."

அதற்குள் பஸ் இயந்திரம் உறுமியது. அவள் என் கையைப் பிடித்தாள்.

"கதையிலை அவரை ஒருக்கா வரச் சொல்லுங்கோ. வந்து ஏசட்டும். வாயாலை வந்தபடி ஏசட்டும். நான் கேட்டுக்கொண்டு நிக்கிறன்."

7

அதனால்தான் இந்த முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முதலாவது முடிவில் பத்திநாதர் பாயை இழுத்துப் பார்த்துவிட்டு, "போகட்டும், கார்தானே," என்று சிரிக்கிறார்.

"எந்த ஊர் மனிசன் இவர்? எங்கடை வீட்டிலை ஒரு தேத்தண்ணிக் கோப்பை உடைஞ்சதுக்கு இப்பவும் கதை நடக்குது," என்றாள் பரிமளம்.

அதோடு, 'கார்தானே' என்று அவர் சொல்லிவிட்டால், அந்த இரண்டு வாளியும் கோவில் தண்ணீரும் அவள் பொத்தியிருந்த மோதிரமும் என்னத்துக்கு? வெட்டினேன்.

இரண்டாவது முடிவில் அவர் ஒன்றும் பேசாமல் உள்ளே போய்ப் படுத்துக்கொள்கிறார். அதை எழுதி முடித்த கையோடு கிழித்தேன். பேசாத பத்திநாதர்தான் அவளிடம் ஏற்கெனவே இருக்கிறாரே.

மூன்றாவதுக்கு நான் கொஞ்சம் கள்ளத்தனம் செய்தேன். ஐந்தாம் பகுதிக்குத் திரும்பிப் போய்ப் பாயை எடுத்துவிட்டேன். அவள் மூடவில்லை. மழை பெய்து மண் வழிந்து போகிறது, கார் மினுங்குகிறது, செத்த வீட்டில் எல்லோருடைய முகமும் பொனற்றில் தெரிகிறது... அந்த இடத்தில்தான் பேனையை வைத்தேன். பாயை எடுத்தாலும் அவர் செத்துத்தான் இருக்கிறார். அவள் அழுதுகொண்டிருப்பது கீறலுக்காக என்று அவளே நம்பிக்கொண்டிருக்கிறாள். நானும் இவ்வளவு தாளும் எழுதும்வரை அப்படித்தான் நம்பினேன்.

பாயைத் திரும்பக் கொண்டுபோய்ப் போட்டேன். அது கிடக்கட்டும்.

8

சரி. வரச்சொல்லுகிறேன்.

யாழ்ப்பாணத்து பஸ் வருகிறது. பத்திநாதர் இறங்குகிறார். மெலிந்துவிட்டார், இடுப்புப் பட்டி அடுத்த ஓட்டைக்குப் போயிருக்கிறது. காற்று விழுந்துவிட்டது. படலையைத் திறந்ததும் பாயைப் பார்க்கிறார், நிற்கிறார். அந்தோனியம்மா குசினி வாசலிலிருந்து இறங்கி வந்து முடிச்சை அவிழ்க்கிறாள். பாய் சரிந்து விழுகிறது.

அவர் பொனற்றடிக்குப் போய்க் குனிகிறார். முகம் இல்லை. ஒற்றை விரலால் கீறலைத் தடவுகிறார். பழக்கத்தில் மோதிரத்தைக் கழற்றப் போகிறார். விரலில் மோதிரம் இல்லை, அது அவளுடைய கைக்குள் இருக்கிறது. நிமிர்ந்து அவளைப் பார்க்கிறார். வாயைத் திறக்கிறார்.

இதற்கு மேல் எனக்கு ஏலாது, பிள்ளைகள். எழுதிப் பார்க்காமல் சொல்லவில்லை. அவர் வாயில் நான் வைக்கும் ஏச்செல்லாம் என் வீட்டு மனிதரின் குரலில் வருகிறது, அவர் போய்ச் சேர்ந்து கனகாலம். நான் பத்திநாதரின் குரலை ஒருநாளும் கேட்டதில்லை. அவள் சொல்லிக் கேட்டது மட்டும்தான்.

நீங்கள் ஏசுங்கள். உங்கள் வீட்டில் யாரோ ஒருவர், நீங்கள் நல்லதென்று நினைத்துக் கெடுத்துவைத்த ஒரு சாமானுக்காக உங்களைப் பிடித்து ஏசியிருப்பார். அந்தக் குரலைக் கொஞ்சம் இவளுக்குக் கொடுங்கள். பாவம் பார்த்துக் குறைக்க வேண்டாம், பாவம் பார்த்தவர்கள் நிறையப் பேர். ஏசி முடிந்ததும், கையில் துணியைக் கொடுத்து ஒரு பக்கத்தைத் துடைக்கச் சொல்வதோ விடுவதோ உங்கள் விருப்பம். சொன்னால் முதலில் தண்ணீர் வார்க்க அவளுக்குத் தெரியும்.

அவள் கையைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். அவர் தொடங்கிவிட்டார்:

"இஞ்சரப்பா, நீர் என்ன