தங்கையின் ஆழ்கடல் தொட்டி

கடல் உயிரினக் காட்சிச்சாலையில் பதினோரு வருடமாக ஜெல்லி மீன்களை வளர்த்துவந்தவள் அக்கா. மூன்று வருடம் முன்பு அங்கே வேலைக்குச் சேர்ந்தவள் தங்கை. அவளைச் சேர்த்துவிட்டதே அக்காதான். "எம்பொண்ணுங்க ரெண்டு பேரும் ஒரே எடத்துல" என்று அம்மா பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிப் பூரித்தாள். அக்காவுக்கும் பெருமைதான், ஆராய்ச்சிக் கப்பல் அந்த ஐந்து ஜெல்லி மீன்களைக் கொண்டுவந்து இறக்கும் வரை.

வெயிலே எட்டாத ஆழத்தில் பிடிபட்டவை அவை. கருஞ்சிவப்பு நிறம். சிவப்பு வெளிச்சம் அவ்வளவு கீழே போய்ச் சேராததால் அங்கே அவை இருட்டோடு இருட்டாகிவிடும். தின்ன வருகிற எதன் கண்ணிலும் படாது. சீண்டினால் மட்டும் உடம்பைச் சுற்றி நீல ஒளி ஓடும். எலும்பு கிடையாது, மூளை கிடையாது. நாலு டிகிரி குளிரும் இருட்டும் இருந்தால் போதும், கிடைத்ததைத் தின்றுகொண்டு மிதக்கும்.

இயக்குநர் அவற்றைத் தங்கையிடம் ஒப்படைத்துவிட்டு அக்காவிடம் சொன்னார்: "சின்னவங்க படிச்சதே இதப் பத்திதானே. நீங்க முன் ஹாலப் பாத்துக்கங்கம்மா. உங்கள விட்டா அங்க யாரு இருக்கா?"

அக்கா தலையாட்டினாள். வயிறு எரிந்தது.

அடுத்த வாரம் செய்தித்தாளில் தங்கையின் படம் வந்தது. அம்மா காலையிலேயே போன் செய்துவிட்டாள்.

"பேப்பர் பாத்தியா? எவ்ளோ அழகா சிரிக்கிறா பாரு!"

"பாத்தேம்மா."

"நீயும் அங்கதானே இருக்கே? ஒரு ஓரமா நின்னிருக்கலாம்ல?"

வட்டத் தொட்டியில் தண்ணீரை மெல்லச் சுழலவிட்டால்தான் ஜெல்லி மீன்கள் சுவரில் மோதிக் கிழியாமல் இருக்கும். அந்தப் பக்குவத்தைத் தங்கைக்குக் கற்றுக்கொடுத்தது அக்கா. செய்தியில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அக்கா இரண்டு முறை தேடிப் பார்த்தாள்.

ஒரு மதியம் தங்கை வானொலிப் பேட்டிக்குக் கிளம்பினாள்.

"அக்கா, ரெண்டு மணி நேரம் பாத்துக்கறியா? இந்தா சாவி. செவப்பு டார்ச் மட்டும் அடி, வேற லைட்டு போட்டுடாத."

"எனக்கே சொல்லித் தர்றியா?"

"ஐயோ, சும்மா சொன்னேன்க்கா."

இரண்டு பத்துக்கு அக்கா அந்த இருட்டறைக்குள் போனாள். டார்ச் வெளிச்சத்தில் தொட்டி முழுக்கப் பொடிப்பொடியாகக் காற்றுக்குமிழிகள். பம்ப் குழாயின் இணைப்பு தளர்ந்து காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. குமிழி குடை போன்ற உடம்புக்கு அடியில் சிக்கினால் ஜெல்லி மீனை மேலே தூக்கிவிடும், சதையைக் கிழித்துவிடும். ஒன்று ஏற்கெனவே சாய்ந்தபடி மேலே ஒதுங்கியிருந்தது.

இணைப்பை இறுக்க அரை நிமிடம் போதும். அக்காவின் கை எழவில்லை.

'வரட்டும். வந்து பாக்கட்டும். பேப்பர்காரனையும் கூட்டிட்டு வரட்டும்.'

கதவைச் சாத்திவிட்டு ஊழியர் அறைக்குப் போய் டீ போட்டுக்கொண்டாள். முதல் வாய் நாக்கைச் சுட்டது. கோபம் தங்கையின் மேல். சாய்ந்து கிடந்த அந்த ஜெல்லி மீன் யார் வம்புக்குப் போனது? டம்ளரை அப்படியே வைத்துவிட்டு ஓடினாள்.

அப்போது மணி இரண்டரை. இணைப்பை இறுக்கினாள். முழங்கை வரை குளிர்ந்த நீரில் கைவிட்டு, ஒவ்வொரு குடைக்கு அடியிலும் கண்ணாடிக் குழலை நுழைத்துக் குமிழிகளை உறிஞ்சி எடுத்தாள். விரல்கள் மரத்துப்போயின. நாலு பிழைத்தன. மேலே ஒதுங்கியிருந்தது பிழைக்கவில்லை.

தங்கை வந்ததும் அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதாள். "நீ இல்லன்னா அஞ்சும் போயிருக்கும்." இயக்குநர் எல்லார் முன்னாலும் கைதட்டினார். இத்தனை நாள் ஏங்கிய கைதட்டல். அது ஓயும் முன்பே அக்கா தங்கையை இருட்டறைக்கு இழுத்துப் போனாள்.

"ரெண்டு பத்துக்கே பாத்துட்டேன். பாத்துட்டு டீ குடிக்கப் போனேன்."

"எதுக்கு?"

"ஒம்மேல பொறாம. வேற என்ன?"

தங்கை தொட்டிப் பக்கம் திரும்பி, மிதந்துகொண்டிருந்த நாலையும் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள். "சாவியக் குடு."

மறுநாள் தொட்டியின் பதிவேட்டில் தங்கையின் கையெழுத்தில் இருந்தது: 'காற்றுக் கசிவு, 2.10. சரிசெய்தது, 2.30. ஒன்று இறந்தது.' யார் பார்த்தது, அந்த இருபது நிமிடம் என்ன நடந்தது, எதுவும் இல்லை.

காட்டிக்கொடுக்கவில்லை. அதைப் படித்ததும் அக்காவுக்கு முதலில் வந்தது நன்றி இல்லை. 'இதுலயும் இவதான் ஒசத்தி' என்ற அதே எரிச்சல். அந்த எரிச்சலோடேயே பேனாவை எடுத்து, 2.10க்குப் பக்கத்தில் தன் பெயரை எழுதினாள். 'பார்த்தும் உடனே சரிசெய்யவில்லை' என்று கீழே சேர்த்துவிட்டு, பதிவேட்டை இயக்குநர் மேசையில் கொண்டுபோய் வைத்தாள்.