நீச்சல் குளத்தில் சொட்டு நீலம்

ராஜகுமாரிக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். இருபத்திரண்டு வருடம் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்தியவள். அந்தத் தாழ்ந்த குரலுக்குக் கடைசி பெஞ்சு வரை அடங்கிப்போகும். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், வெள்ளானூரில் குடிவந்து மூன்றே நாளான வீட்டின் பின்பக்கம் நின்று அவள் போட்ட சத்தத்தில் அடுத்த தெரு நாயெல்லாம் குரைத்தது.

"தசரதன்! இங்க வாங்க! எங்க போச்சு நீலம்?"

பின்னே, ஆத்திரம் வராதா? வீடு வாங்கியதே பின்பக்கத்து இந்த நீச்சல் குளத்துக்காகத்தான். மகள் தேவிப்பிரியா பூந்தமல்லி சாலையில் ஸ்கூட்டியோடு விழுந்ததில் தொடை எலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்தும் இடது கால் ஊன்ற மறுத்தது. தினமும் இடுப்பளவு தண்ணீரில் பத்து நடை நடக்கட்டும், ஆறு மாதத்துக்குள் நடந்தால்தான் கால் வசத்துக்கு வரும் என்றார் டாக்டர். வீடு தேடியதிலேயே இரண்டு மாதம் ஓடிவிட்டது. ஆவடி ஃபிளாட்டை விற்று, இதை வாங்கினாள்.

கண்ணை மூடிக்கொண்டு ஒன்றும் வாங்கவில்லை. மூன்று முறை வந்து பார்த்தாள். மூன்றாம் முறை தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட்டோடு வந்தாள். விற்ற திருவேங்கடம் அந்த ஊர்க்காரர், வெள்ளை வேட்டி மடிப்புக் கலையாத மனிதர். பிஹெச் ஏழு புள்ளி நாலு. அற்புதம். குளோரின் பூஜ்யம். "புதுத் தண்ணி டீச்சரம்மா. அந்த வாசனை ஒங்களுக்குப் புடிக்குமோ புடிக்காதோன்னு போடல" என்றார். எவ்வளவு நேர்மையான ஆள் என்று மெச்சிக்கொண்டே கையெழுத்துப் போட்டாள்.

நேற்று தேவிப்பிரியா கம்பியைப் பிடித்துக்கொண்டு முதல்முறை இறங்கினாள். இரண்டாவது நடையிலேயே, "அம்மா, கீழ குத்துது" என்றாள். "ரொம்ப நாளா வெறுங்கால்ல நடக்கல இல்ல, பழகிடும். நட" என்றாள் ராஜகுமாரி. நாலாவது நடையில் பெண் அழுதுகொண்டே ஏறினாள். இரண்டு உள்ளங்காலும் உரிந்து ரத்தம். சாயங்காலம் ராஜகுமாரி அளந்து குளோரின் போட்டாள். விடிந்து பார்த்தால் குளத்து நீலம் மொத்தமும் மாயம்.

குளோரின் சாயத்தைத் தின்றுவிடும் என்பது அவள் வருடா வருடம் போர்டில் எழுதும் பாடம். நீலம் போன தண்ணீருக்கு அடியில் தரை பல்லிளித்தது. வெள்ளை சிமெண்டுப் பூச்சு அங்கங்கே உரிந்து, அடியில் புதிதாகக் கொத்திய அம்மி மாதிரி சொரசொரவென்று மணல் துருத்திக்கொண்டிருந்தது.

வீட்டோடு சேர்ந்து வந்த தோட்டக்காரர் தசரதன் தலையைச் சொறிந்தார். "சொட்டு நீலம்மா. துணிக்குப் போடுவோமே, அத்தான். பத்து பாட்டிலு. இது உப்புத் தண்ணி போரு, சுவத்துல வெள்ளையா படிஞ்சிகினே கீது. மாசாமாசம் ஆசிட் ஊத்தித் தேய்க்கச் சொல்வாரு பழைய மொதலாளி. பூச்சையே அரிச்சிடுச்சி. விக்கறதுக்கு மின்னாடி மேலாப்ல சிமெண்ட்டு அடிச்சி, லாரித் தண்ணி ரொப்பி, நீலத்த ஊத்தச் சொன்னாரு. சொன்னத்த செஞ்சேன்."

போன் போட்ட பத்தாவது நிமிடம் திருவேங்கடம் புல்லட்டில் வந்து இறங்கினார்.

"இன்னா டீச்சரம்மா, காலங்காத்தால?"

"குளத்துல சொட்டு நீலம் ஊத்தி வித்திருக்கீங்களே, மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா உங்களுக்கு?"

"அட, கண்ணுக்கு லட்சணமா இருக்கட்டுமேன்னு ஊத்துனது. நானா மறச்சேன்? நீங்கதான் டப்பா எடுத்துகினு வந்து டெஸ்ட் பண்ணி, பிரமாதம்னு சொல்லிகினு போனீங்க. பாப்பாவ செருப்பு போட்டுகினு எறங்கச் சொல்லுங்க."

"யோவ்!"

இருபத்திரண்டு வருடத்தில் அவள் வாயில் வராத வார்த்தை. "ஊன்றதுக்கே வராத காலுக்குச் செருப்பா? நீ எறங்குய்யா! ஒரே ஒரு நடை நடந்து காட்டு, அப்புறம் பேசு!"

திருவேங்கடம் குளத்தைப் பார்த்தார், தன் வேட்டியைப் பார்த்தார். "எனக்கு ஜோலி கீது. கோர்ட்டுக்கு வேணா போய்க்கோங்க" என்று வண்டியை உதைத்துக் கிளப்பினார். நாசமாய்ப் போக, கட்டையில் போக என்று அவள் தெருமுனை வரைக்கும் கத்தித் தீர்த்தாள்.

திரும்பினால், வாக்கரைப் பிடித்துக்கொண்டு தேவிப்பிரியா வாசற்படியில் நின்றாள். இரண்டு காலிலும் கட்டு.

"மூணு வாட்டி வந்தியேம்மா. ஒரு வாட்டியாவது தண்ணில காலை வெச்சுப் பார்த்தியா?"

ராஜகுமாரி வாயைத் திறந்தாள்.

"நேத்து குத்துதுன்னு சொன்னேன். பழகிடும்னு சொன்ன."

ராஜகுமாரி பரிசோதித்தது லாரித் தண்ணீரை. தன் பெண் கால் வைக்கப்போகிற தரையை அல்ல. படுபாவி என்றால் அவனை மட்டுமா சொல்வது? செருப்பைக் கழற்றிவிட்டு, கட்டின புடவையோடு படியில் இறங்கினாள்.

முதல் நடையிலேயே கல் குத்தியது. மூன்றாவதில் தோல் கிழிந்தது. நாலாவதில், பெண் நேற்று அழுத இடத்தில், இவளுக்கும் கண் நிறைந்தது. தசரதன் பதறினார். தேவிப்பிரியா, "போதும்மா, ஏறி வா" என்றாள்.

"பத்து நடைன்னு டாக்டர் சொல்லியிருக்காரு இல்ல, கம்முனு இரு" என்று எரிந்துவிழுந்து பத்தையும் நடந்தாள்.

ஏறி வந்து கரையில் உட்கார்ந்தாள். கால் வைத்த இடமெல்லாம் சிவந்தது. "தசரதன், மோட்டாரப் போட்டுத் தண்ணியை எறச்சிடுங்க. பழைய பூச்சு மொத்தமும் கொத்தியெடுத்துப் புதுசா பூசணும். நாளைக்கே கொத்தனார் வரணும்."

"பூசிக் காய ஒரு மாசமாவும்மா."

"டாக்டர் சொன்னதுல மிச்சம் மூணு மாசம் இருக்கும்" என்றாள் தேவிப்பிரியா. முகத்தில் கோபம் அப்படியேதான் இருந்தது. வாக்கரை நகர்த்தி நகர்த்தி வந்து, தன் காலுக்குப் போடுகிற மருந்து டியூபை அம்மாவின் மடியில் போட்டாள்.

"பூசி முடிச்சதும் மொதல்ல நீ எறங்கிப் பாரு. அப்புறம் நான் எறங்கறேன்."