திரைக்கு வெளியே நீண்ட கை

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் ஒரு வண்டிக்காரனுக்குப் பெரியம்மை கண்டதிலிருந்து ஊரில் வேறு பேச்சில்லை. எல்லோரும் அம்மைப்பால் குத்திக்கொள்ள வேண்டும், மறுத்தால் கடையைப் பூட்டிக் கோர்ட்டுக்கு இழுப்போம் என்று கண்டியிலிருந்து உத்தரவு வந்திருந்தது. ஆண்கள் முணுமுணுத்தபடி சட்டைக் கையைச் சுருட்டினார்கள். பெண்கள் விஷயத்தில்தான் தெரு திரண்டு நின்றது. முன்னால் நின்றவர் துணிக்கடை முனாப்.

அந்நிய ஆண் நம்முடைய பெண்களின் கையைப் பிடிப்பதா என்று பள்ளிவாசல் முற்றத்தில் அவர் கேட்டார். கடையைப் பூட்டினால் பூட்டட்டும் என்றார். அம்மை குத்த வந்த கந்தையா, யாழ்ப்பாணத்து மனிதர், வந்தபோதெல்லாம் பெட்டியைத் திறக்காமலே பஸ் ஏறிப் போனார். ஒரு பெண்ணை அனுப்புங்கள் என்று ஊரார் கேட்டார்கள். இந்த வேலைக்குப் பெண் இல்லை என்று பதில் வந்தது. கடைசியில் முனாப்பே ஒரு வழி சொன்னார். வாசலில் திரை கட்டுவது. உள்ளே நிற்பது யார் என்று பார்க்கக் கூடாது. கை மட்டும் வெளியே வரும். முதலில் தன் வீட்டிலேயே நடக்கட்டும் என்றார். இரண்டு பக்கத்தாரும் அலுத்துப்போயிருந்தார்கள், ஒத்துக்கொண்டார்கள்.

அது ஊருக்குச் சொன்ன பேச்சு. வீட்டுக்குள் பேச்சு வேறாக இருந்தது. மகள் ஹிதாயாவுக்கு அடுத்த மாதம் நிக்காஹ். மாப்பிள்ளை கம்பளையில் பெரிய கடைக்காரரின் மகன். இப்போது குத்தினால் காய்ச்சல் அடிக்கும், கை புண்ணாகும், தழும்பு நிற்கும்.

"ரெண்டு தரமும் நீயே கைய நீட்டு," என்றார் மனைவி சகீனாவிடம். "வலது கை ஒனக்கி. இடது கை புள்ளைக்கி. திரைக்கி அங்கால ஆரெண்டு அவருக்கு எப்பிடித் தெரியும்?"

"புள்ளைக்கி அம்மை வந்தா?"

வராது என்றார். வந்தால் கம்பளையார் என்ன செய்வார்கள் என்று சகீனா கேட்டாள். கலியாண வீட்டில் என்ன பேச்சு இது என்று எரிந்து விழுந்தார். ஒரு கிழமையாக இதே கேள்வி, இதே எரிச்சல். சகீனாவுக்குத் தன் தங்கையின் ஞாபகம் வந்தது. சிறு வயதில் இருவரையும் அம்மையோடு ஒரே பாயில் கிடத்தியிருந்தார்கள். பாயை விட்டு எழுந்தது ஒருத்திதான். அதைச் சொல்ல வாயெடுத்தாள். பிறகு களைப்பாக இருந்தது. சரி என்று தலையாட்டினாள்.

மறுநாள் காலை வாசலில் திரையாக வெள்ளைப் படங்குத் துணி தொங்கியது. நடுவில் ஒரு கிழிசல். ஹிதாயா உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். வெளியே தெருவே கூடி நின்றது. எதிர்த் தேநீர்க்கடைப் பளீல், "முனாப் நானா, கைக்கும் ஒரு முக்காடு போட்டிருக்கலாமே," என்றார். சிலர் சிரித்தார்கள். முனாப் படியில் ஏறி, கூட்டத்தைப் பார்த்தபடி, சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவராக நின்றார்.

சகீனா சட்டைக் கையை மேலே தள்ளி வலது கையை நீட்டினாள்.

கந்தையா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். "இதுக்குத் தேவையில்லை. அடுத்த ஆள் வாங்கோ," என்றார்.

ஒரு குத்து மிச்சம் என்று முனாப் நினைத்திருக்க வேண்டும். "மகள், நீ வா," என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். சகீனா கொஞ்சம் தாமதித்து இடது கையை நீட்டினாள்.

கந்தையா கத்தியை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்தார். பிறகு முனாப்புக்கு மட்டும் கேட்கும்படி பேசினார்.

"முதலாளி, இது மகளின்ர கையோ?"

"ஓ."

"அப்ப பிள்ளைக்கு எப்ப பெரியம்மை வந்தது? நீங்கள் ஒருத்தருக்கும் அறிவிக்கேல்லையே."

முனாப் அப்போதுதான் திரும்பிப் பார்த்தார். மணிக்கட்டிலிருந்து தோள்வரை கை முழுவதும் குழிகுழியாகத் தழும்பு. தினமும் காலையில் தேத்தண்ணீர் நீட்டுகிற கை அது.

ஓமென்றால் அம்மைத் தழும்புள்ள பெண் என்று கம்பளைக்குச் செய்தி போகும். இல்லையென்றால் உள்ளே இருப்பது யார் என்ற கேள்வி வரும். பளீல் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார்.

கந்தையாவுக்கும் சண்டை பிடிக்கத் தெம்பில்லை. இந்தத் தெரு முடிந்தால் அவருக்கு இன்னும் எத்தனையோ தெரு இருந்தது. "உள்ளுக்கு இருட்டுத்தானே," என்றார். "ஆள் மாறி நிக்கினம் போலை."

"ஓ... மாறிட்டு," என்றார் முனாப். உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "ஹிதாயா. கைய நீட்டு மகள்."

தழும்பில்லாத கை ஒன்று வெளியே வந்தது. கத்தி பட்டபோது ஒரு சின்னச் சத்தம் மட்டும் கேட்டது. முனாப் வீட்டிலேயே முடிந்த பிறகு யார் என்ன சொல்ல? மதியத்துக்குள் படங்கு அடுத்த வீட்டு வாசலுக்குப் போய்விட்டது.

நாலைந்து நாளில் ஹிதாயாவின் கை வீங்கிச் சுட்டது. நிக்காஹ்வைத் தள்ளிவைக்கச் சொல்லிக் கம்பளைக்கு ஆள் போயிருந்தது. பதில் இன்னும் வரவில்லை. சகீனா தேத்தண்ணீரை நீட்டியபோது முனாப் கோப்பையை வாங்காமல் அந்தக் கையைப் பார்த்தார்.

"ஒனக்கி இது எப்ப வந்த?"

"இந்த வீட்டுக்கு வார முந்தியே."

"அண்டைக்கே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா வேற ஒரு கையத் தேடியிருப்பீங்க."

கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, ஈரத்துணியை எடுத்துக்கொண்டு அவள் மகளிடம் போனாள்.