இடப்பக்கத்துச் சக்கரம்

“ட்ரையர் கத்துது,” என்றேன்.

என் வீட்டுக்காரன் ஒட்வார் துணி அறைக்குள் வந்து தலையைச் சாய்த்துக் கேட்டான். துணி உலர்த்தும் அந்த மிஷினுக்குள் படுக்கை விரிப்புகள் உருண்டுகொண்டிருந்தன. வெளியே நான்காவது நாளாக மழை.

“ஒண்ணும் கத்தல தோருன். எப்பவும் போடுற சத்தம்தான். ஹூம்னு.”

“ஹூம் இல்ல, கீச்சு. இதோ... இப்ப. இதோ மறுபடி.”

அவன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு என் காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்த சின்னக் கருவியைப் பார்த்தான். எதையோ சொல்ல வந்து வாயை மூடிக்கொண்டான். பத்தொன்பது வருடம் உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்தவள் நான். மூடிய வாயையும் படித்துவிடுவேன்.

நாற்பத்தொன்பது வயதில் எனக்குக் காது போனது. இந்த வருடம், அறுபத்தெட்டில், பெர்கன் மருத்துவமனையில் தலைக்குள் ஒரு மெல்லிய கம்பியை வைத்தார்கள். ஐந்து வாரத்துக்கு முன்னால் கருவியை முடுக்கினார்கள். ஒட்வாரின் குரல், தகர டப்பாவுக்குள் வாத்து கத்துவதுபோல வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்து அவனும் அழுதான்.

“மூளை பழகணும்,” என்றாள் அங்கே கருவியைப் பொருத்திய இங்வில். “சில சத்தம் வெளியே இருக்கவே இருக்காது, உங்க தலைக்குள்ளயே உண்டாகும். சந்தேகமா இருக்கிறதெல்லாம் ஒரு நோட்டுல எழுதிட்டு வாங்க.”

எழுதினேன். பக்கம் பக்கமாக வாத்தும் தகரமும்தான். இந்தக் கீச்சு மட்டும்தான், கீச்சு எப்படி இருக்கும் என்று எனக்கு ஞாபகம் இருந்ததோ அப்படியே வந்தது. அதுவும் பொய் என்றால் கருவியைக் கழற்றி மேசை இழுப்பறையில் போட்டு மூடிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். ஒட்வாரிடம் சொல்லவில்லை.

“மாக்னேயக் கூப்பிடறேன்,” என்றான் ஒட்வார்.

மாக்னே பக்கத்து வீடு. இரண்டு பேரும் முப்பது வருடம் ஒரே பயணிகள் படகில், எஞ்சின் அறையில் வேலை பார்த்தவர்கள். மழைக் கோட்டோடு வந்தவன், முதலில் சமையலறைக்குப் போய் ஒரு வாஃபிள் அப்பத்தை எடுத்துக்கொண்டுதான் இந்தப் பக்கம் திரும்பினான். மிஷின்மேல் காதை வைத்தான்.

“எஞ்சின்ல ஒரு திருகு தளர்ந்தாக்கூட மேல்தளத்துல இருந்தே சொல்லுவேன் நான். இது சுத்தமா இருக்கு. தூங்குற பூனை மாதிரி.”

“அந்தப் பூனை வாலை யாரோ மிதிச்சுட்டாங்க,” என்றேன்.

“தோருன், அது ஒருவேள...” தன் தலையைத் தொட்டுக் காட்டினான்.

“கழண்டு போச்சுங்கிறியா? தைரியமா வாயத் திறந்து சொல்லு.”

“நான் அப்படிச் சொல்லலையே!”

“நீங்க ரெண்டு பேரும் டிவி பாத்தா அந்தச் சத்தத்துல கரையில கட்டின படகெல்லாம் ஆடுதாம், ஊரே சொல்லுது. நீங்க எனக்குத் தீர்ப்பு சொல்றீங்க. திறங்க அத.”

“எதுக்கு...”

“திறந்து பாத்து ஒண்ணும் இல்லன்னா, இனிமே சத்தம்கிற பேச்சையே எடுக்கமாட்டேன்.”

ஒட்வார் மின்கம்பியைப் பிடுங்கினான். மேல் தகட்டையும் பக்கத் தகட்டையும் திருகு கழற்றி எடுத்தார்கள். உள்ளே எட்டிப் பார்த்த நான் அப்படியே நின்றுவிட்டேன். பெரிய தகர உருளை. அதைச் சுற்றி ஒரு நாடா. அடியில் பிஸ்கட் அளவில் இரண்டே இரண்டு சக்கரம். பதினாறு வருடமாக எங்கள் விரிப்புகளை, போர்வைகளை, எண்ணெய் நாறும் இவன் சட்டைகளை எல்லாம் இவை இரண்டுமா தாங்கின? சுற்றிலும் பஞ்சுத்தூசி, சாம்பல் நிறத்தில் பனிபோல.

“இவ்வளவுதானா?” என்றேன்.

“இவ்வளவுதான்,” என்றான் ஒட்வார். அவன் குரலும் தணிந்திருந்தது.

“ஈரத்துணி உள்ளேயே இருக்கட்டும். கையால சுத்துங்க,” என்றேன். காதை அருகே கொண்டுபோனேன். வலப்பக்கம் மெதுவாக இருந்தது, இடப்பக்கம் பலமாக இருந்தது. “இங்க. இடது சக்கரம்.”

ஒட்வார் தரையில் படுத்து, அந்தச் சக்கரத்தின் அச்சில் விரல்நுனியை வைத்தான். “நீ சுவத்தப் பாத்து நில்லு. கண்ண மூடிக்கோ. கேக்குறப்ப மட்டும் விரலத் தூக்கு.”

மாக்னே சுற்றினான். கீச்சு. தூக்கினேன். மறுபடி கீச்சு. தூக்கினேன். அவன் வேண்டுமென்றே மெதுவாகச் சுற்றினானாம், நிறுத்தினானாம், திடீரென்று பின்பக்கமாகத் திருப்பினானாம். கீச்சு இல்லாதபோது நான் அசையவில்லை. வந்தபோது தூக்கினேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு எல்லாம் நின்றது.

திரும்பினேன். மாக்னே வாஃபிளைக் கையில் பிடித்தபடி கடிக்க மறந்து நின்றான். ஒட்வார் தரையிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஒவ்வொரு தடவையும்,” என்றான். “சக்கரம் என் விரலுக்கடியில நடுங்குச்சு. நடுங்குறப்பல்லாம் உன் விரல் மேல போச்சு. ஒண்ணுகூடத் தப்பல.”

“உனக்கு?”

“எனக்கு ஒண்ணுமே கேக்கல தோருன். ஒண்ணுமே.”

பத்தொன்பது வருடம் எந்த மிஷின் ஆனாலும் நான்தான் அதன்மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு, “ஓடுதா?” என்று அவனிடம் கேட்பேன்.

“எத்தன நாளா கத்துது இது?” என்றான் மாக்னே மெதுவாக.

“என்னக் கேட்டா? எனக்குக் காது வந்தே அஞ்சு வாரம்தான்.”

சக்கரத்தைக் கழற்றினார்கள். அச்சு ஒரு பக்கம் தேய்ந்து ஒடுங்கியிருந்தது. ஒட்வாரின் விரலில் சிவப்புத் துருப்பொடி ஒட்டியிருந்தது. அந்த விரலை என் முன்னால் நீட்டினான். நான் அதைத் தொட்டேன், என் விரலும் சிவந்தது. மாக்னே மழையில் ஓடி, தன் படகுக் கொட்டகையில் கிடந்த செத்துப்போன ட்ரையரிலிருந்து அச்சோடு ஒரு சக்கரத்தைக் கழற்றிக்கொண்டு வந்தான். பொருத்தினார்கள், தகடுகளை மூடினார்கள், முடுக்கினார்கள்.

கீச்சு இல்லை. என் காதில் இருந்த ஒரே நிஜமான சத்தத்தை நானே நிறுத்திவிட்டேனே.

பிறகு, டிக்.

“ஏதோ பொத்தான் தட்டுது,” என்றேன்.

ஒட்வார் மிஷினை நிறுத்தி, ஈரத்துணிக்குள் கையை விட்டுத் துழாவினான். என் தலையணை உறை. அதில் ஒரே ஒரு வெள்ளைப் பொத்தான். உறையைத் தூக்கி என்னிடம் காட்டினான். திரும்ப உள்ளே போட்டு முடுக்கிவிட்டு, தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“வேற? வேற என்ன கேக்குது, சொல்லு.”

“மாக்னே வாஃபிள் மெல்றான்.”

“அத நோட்டுல எழுதிடாத,” என்றான் மாக்னே.

நான் நோட்டை எடுத்தேன். ‘ட்ரையர், கீச்சு, சந்தேகம்’ என்று எழுதியிருந்த பக்கத்தைத் திருப்பினேன். ஒட்வார் பென்சிலை என் கையிலிருந்து வாங்கி, ‘சந்தேகம்’ என்பதை அடித்துவிட்டு, துருப் படிந்த விரலோடு பக்கத்தில் எழுதினான்:

நிஜம். நான் தொட்டுப் பார்த்தேன்.