பதிவு அக்காவின் பாஸ்வேர்டு

மருத்துவமனையின் கம்ப்யூட்டர்கள் எல்லாவற்றையும் யாரோ எங்கிருந்தோ பூட்டிவிட்டார்கள். நோயாளிகளின் விவரங்கள் வேண்டுமென்றால் பேரம் பேச வா என்று திரைக்குத் திரை மிரட்டல். பழி விழுந்தது வாசல் மேசையில் உட்கார்ந்து நோயாளிகளின் விவரங்களைப் பதியும் பதிவு அக்காவின் தலையில். திருடர்கள் அவள் பெயரைப் போட்டு, அவள் பாஸ்வேர்டைத் தட்டி, ராஜநடையாக உள்ளே வந்திருந்தார்கள்.

நேற்றுவரை அக்கா அக்கா என்று சுற்றி வந்தவர்கள் இன்று அவளைக் கண்டதும் போனுக்குள் முகத்தைப் புதைத்தார்கள். இத்தனைக்கும் அந்தப் பாஸ்வேர்டு என்றைக்கும் அவளுக்கு மட்டும் சொந்தமாக இருந்ததில்லை. வலியோடு ஒருவர் நிற்கும்போது ஆளாளுக்குக் கம்ப்யூட்டரில் ஒரு பெயரை மூடிவிட்டு இன்னொரு பெயரில் நுழைந்துகொண்டிருக்க முடியுமா? நர்ஸ், எக்ஸ்ரே தம்பி என்று எல்லோரும் அவள் பெயரில்தான் நுழைவார்கள். இப்போது ஒருவருக்கும் ஞாபகமில்லை. பாவம், அவரவருக்கு அவரவர் வேலை பயம். காட்டிக்கொடுக்க அக்காவுக்கும் மனசு வரவில்லை. ஆனால் இந்த வேலை போனால் அவள் வீடு அந்தரத்தில் நிற்கும்.

எல்லோரையும் தன் அறைக்கு அழைத்திருந்தார் பெரிய டாக்டர்.

"யாருன்னு சொல்லும்மா. நான் மேல பதில் சொல்லணும்," என்றார், கம்ப்யூட்டர் திருட்டை விசாரிக்க வந்த பெண்ணிடம்.

"தெரியல சார். வந்த வழி பல நாடு சுத்துது. நடுவுல இருக்கற மெஷின் எல்லாம் நம்மள மாதிரி ஏமாந்தவங்களோடது. விட்டுட்டுப்போன தடயமே நம்மள திசைதிருப்ப வெச்சதா இருக்கலாம்."

"பாஸ்வேர்டு இவங்களோடதுதானே. வேற யாருக்குத் தெரியும்?"

நர்ஸும் எக்ஸ்ரே தம்பியும் போனைக் குனிந்து பார்த்தார்கள். அக்கா தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுவும் தெரியல சார். இந்த மெஷினைச் சரிபண்ணிட்டோம். விவரமெல்லாம் திரும்பி வந்திருக்கான்னு பாருங்க."

டாக்டர் நாற்காலியை இழுத்துப்போட்டு மளமளவென்று தட்டினார். இந்தப் பெயர் முடக்கப்பட்டுள்ளது என்றது திரை. அதற்கு மேலே அக்காவின் பெயர் இருந்தது. பழக்கத்தில் அவர் தட்டியது அதைத்தான்.

அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அவசரத்துல நானும் இதுலதான் வருவேன்," என்றார் கடைசியில்.

"நானும் சார்," என்றாள் நர்ஸ். எக்ஸ்ரே தம்பியும் தலையாட்டினான்.

"இவங்க மேல தப்பில்லைன்னு ரிப்போர்ட்ல எழுதும்மா," என்றார் டாக்டர், விசாரிக்க வந்த பெண்ணிடம்.

"யார்கிட்டேர்ந்து கசிஞ்சதுன்னு தெரியாம எப்படி சார் எழுதறது?"

டாக்டர் அக்காவைப் பார்த்தார்.

"அப்போ சந்தேகப்பட வேண்டியவங்கன்னு எங்க எல்லார் பேரையும் எழுது. முதல்ல என் பேரு."

அதுவரை அழாமலிருந்த அக்காவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது.